ஒரே மேசையில் இரண்டு கணக்கு

தலகாணி அக்காவைப் பற்றி எழுது என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்றிருப்பேன். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் அவர் தைத்த தலையணையில் தலை வைத்துத் தூங்குகிறவர்கள். நான் அவர் கையால் கூலி வாங்கியவன். ஆனால் அவருக்கு என்ன நடந்தது என்று முழுக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதனால் வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது ஓரமாக இருக்க மாட்டேன் என்கிறது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. திரைச்சீலை தைக்கும் கடையில் பதினேழு வருடம் மிஷின் மிதித்தவர். கணவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். ஒருநாள் காலையில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் திரும்பாத கழுத்தை வைத்துக்கொண்டு வேன் ஓட்ட முடியுமா? டாக்டர் ஒரு தலையணையை எழுதிக் கொடுத்தார். அதன் விலையைக் கேட்டதும் தனக்கும் கழுத்து பிடித்துக்கொண்டது என்று அக்கா சொல்வார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்கள். நான்கு நாள் ஆகியும் மனிதர் முனகிக்கொண்டே எழுந்ததால், அக்கா கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தலையணையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டார். உள்ளே ஒரே ஒரு ஸ்பாஞ்சுக் கட்டி. உலகத்தில் எல்லாருக்கும் ஒரே கழுத்துதான் என்று நினைத்து வெட்டிய கட்டி.

அன்றைக்கே நூல் ஒன்றை எடுத்துக் கணவரின் காதிலிருந்து தோள் முனைவரை அளந்தார். அந்த உயரத்துக்கு ஓரம், அதைவிட இரண்டு விரல் தாழ்த்தி நடுவில் ஒரு பள்ளம் என்று வைத்துத் தைத்தார். மூன்றாவது முயற்சியில் கணவர் வாயைப் பிளந்து தூங்கினார். பிறகு கணவரின் நண்பர்கள் கேட்டார்கள், நண்பர்களின் மாமியார்கள் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் அக்கா திரைச்சீலைக் கடையை விட்டுவிட்டு, லாரி பட்டறைக்குப் பின்னால் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு மிஷின் போட்டார். ஒன்றில் அவர். இன்னொன்றில் அவருடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை. அந்தத் தங்கைக்குப் புருஷன் சரியில்லை, போக்கிடமும் இல்லை. அந்த மிஷின்தான் அவர் நிமிர்ந்து நடந்ததற்குக் காரணம்.

நான் உள்ளே வந்தது அப்போதுதான். என் தொழிலுக்கு என் மாமியார் வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்பார்கள். விஷயம் பெரிதில்லை. யாராவது போனில் ‘கழுத்து வலி தலையணை’ என்று தட்டித் தேடுகிறார்கள். விடை வருவதற்குள், கண் இமைக்கிற நேரத்தில், உள்ளே ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடும். அந்தச் சொல்லுக்கு அதிகம் தரத் தயாராக இருக்கிறவரின் விளம்பரம் பெரும்பாலும் மேலே நிற்கும். தேடியவர் அதைத் தொட்டால், அதாவது க்ளிக் செய்தால், கடைக்காரர் காசு கட்ட வேண்டும். தொட்டவர் வாங்கினாலும் சரி, கொட்டாவி விட்டுக்கொண்டு போனாலும் சரி. கடைக்காரர்களுக்காக அந்த ஏலத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. கூலி, அவர்கள் விளம்பரத்துக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கு. செலவு ஏறினால் என் கூலியும் ஏறும். அவர்கள் நஷ்டப்பட்டாலும் ஏறும். இதில் இருக்கும் கோணல் அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. உறைத்தது. எல்லாரும் இப்படித்தானே வாங்குகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரை. மொத்தம் ஒன்பது வாடிக்கையாளர்கள். அதில் பெரியவர் மெத்தைக்காரர். படுத்த படுக்கையாகக் கிடக்கிற நோயாளிகளுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்கக் காற்று மெத்தை விற்கிறவர். பெரிய கிடங்கு, பதினான்கு ஆட்கள், அக்காவைப்போல ஆறு மடங்கு செலவு செய்கிறவர். மெத்தைக்குத் துணையாக ஒரு கழுத்துத் தலையணையும் கடையின் ஒரு மூலையில் வைத்திருந்தார். அது விற்றதா இல்லையா என்று அவரே கவனித்ததில்லை.

அக்காவைப் பற்றி மெத்தைக்காரரிடமோ, மெத்தைக்காரரைப் பற்றி அக்காவிடமோ நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு நானே ஒரு வேலி போட்டு வைத்திருந்தேன். கழுத்து என்கிற சொல் அக்காவுக்கு. படுக்கை, நோயாளி, முதுகுப் புண் எல்லாம் மெத்தைக்காரருக்கு. அந்த நாளில் கொடுத்த சொல்லைத் தாண்டி விளம்பரம் போகாது. ஒருவர் ஏலத்தில் இன்னொருவர் கால் வைக்கவே முடியாது. என்னைப்போல நியாயமான ஆள் உண்டா என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா திங்கட்கிழமைதோறும் பத்து மணிக்கு போன் பண்ணுவார். நேரில் பார்த்தது ஐந்து வருடத்தில் இரண்டே தடவை. ஆனாலும் "தம்பி, சாப்பிட்டியா, பாப்பாவுக்கு ஜுரம் விட்டுச்சா" என்று கேட்காமல் கணக்குக்கு வரமாட்டார். விளம்பரத்தில் ‘மூன்றே நாளில் வலி போகும்’ என்று போடலாம் என்று ஆரம்பத்தில் ஒருதரம் சொன்னேன்.

"மூணு நாள்ல போகாதே தம்பி."

"எல்லாரும் அப்படித்தான்க்கா போடுறாங்க."

"போட்டுக்கட்டும். எனக்கு போன் பண்ணி நாலாவது நாள் கேட்டா, நான் என்னன்னு சொல்லுவேன்?"

கேட்கிறவர்களுக்கு அவரே பதில் சொல்வார் என்பதுதான் விஷயம். ஆர்டர் வந்ததும் அக்கா கூப்பிடுவார். ஒரு நூலை எடுத்துக் காதிலிருந்து தோள்வரை பிடித்து, எத்தனை விரல் என்று சொல்லச் சொல்வார். ஒருக்களித்துப் படுப்பீர்களா, மல்லாந்தா என்று கேட்பார். கை மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால், "இது தலகாணி சமாச்சாரம் இல்லீங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் வந்ததை யாராவது தட்டிவிடுவார்களா? ஆனால் அவர் விளம்பரத்தைத் தொட்ட இருபத்தைந்து பேரில் ஒருவர் வாங்கினார். ஒரு தலையணையில் நிற்கும் லாபத்துக்கு அன்றைய விலையில் நாற்பது க்ளிக் வாங்கலாம். இருபத்தைந்து போக மிச்சம் பதினைந்து. அந்தப் பதினைந்தில்தான் கூடத்து வாடகையும் நாத்தனாரின் சம்பளமும் ஓடின.

பிறகு தேடல் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இனிமேல் நீங்கள் கொடுக்கும் சொல்லை மட்டும் பார்க்க மாட்டோம், தேடுகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று எங்கள் மெஷின் புரிந்துகொண்டு அதற்கேற்பக் காட்டும். எவ்வளவுக்கு ஏலம் கேட்பது என்பதையும் அதனிடமே விட்டுவிடுங்கள். இதுதான் சாரம். கடைசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான். முழுசாகப் படிக்கவில்லை. ஒன்பது கணக்கிலும் ஒரே உட்காரலில், காபி ஆறுவதற்குள், அழுத்தி முடித்தேன். அக்கா கணக்கில் அழுத்திய கை அடுத்த நிமிடம் மெத்தைக்காரர் கணக்கில் அழுத்தியது. என் வேலியை நானே பிடுங்கிப் போட்டது எனக்கே தெரியவில்லை. அதுவரைக்கும் நடந்தது அசட்டுத்தனம், அவ்வளவுதான்.

மூன்றாவது திங்கட்கிழமை அக்காவின் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

"தம்பி, போன வாரம் நாலே தலகாணிதான் போச்சு. ஆனா க்ளிக்கு மட்டும் கூரையைப் பிச்சுக்கிட்டு வருது. ஒவ்வொண்ணும் ரெட்டை வெலை வேற."

"புது முறைக்கா. மெஷின் இப்பதான் கத்துக்கிட்டிருக்கு. ரெண்டு வாரம் பொறுங்க."

"என் காசுல படிக்குது. ஃபெயிலானா மறுபடியும் ஃபீஸ் நான்தான் கட்டணுமா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். போனை வைத்தபின் கணக்கைத் திறந்தேன். ஒரு தலையணையின் லாபத்துக்கு இப்போது பதினெட்டு க்ளிக்தான் கிடைத்தது. வாங்குகிற ஒருவர் வர முப்பத்தைந்து க்ளிக் ஆனது. அதாவது ஒவ்வொரு தலையணை விற்கும்போதும் அக்கா இன்னொரு தலையணையைத் தெருவில் வீசிக்கொண்டிருந்தார்.

உங்களோடு சேர்ந்து அதே ஏலத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. வழக்கமாக நான் அதைப் பார்ப்பதில்லை. அன்று பார்த்தேன். அக்காவின் பட்டியலில் முதல் பெயர் மெத்தைக்காரருடையது. பக்கத்துத் திரையில் மெத்தைக்காரர் கணக்கைத் திறந்தேன். அங்கே மூன்றாவது பெயர் அக்காவுடையது. கழுத்து வலிக்கிறது என்று தேடுகிறவருக்கு மெத்தைக்காரரின் மூலைத் தலையணையையும் காட்டலாம் என்று மெஷினுக்குப் புரிந்துவிட்டது. படுத்த படுக்கையான அப்பாவுக்கு என்று தேடுகிறவருக்கு அக்காவைக் காட்டலாம் என்றும் புரிந்துவிட்டது. அக்காவுக்காக நான் ஒரு படி ஏற்ற, மெத்தைக்காரருக்காக நானே அதற்கு மேல் ஒரு படி ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரிடமும் பத்தில் ஒரு பங்கு.

வேறு கடைகளும் அந்த ஏலத்தில் இருந்தன. விலை எப்படியும் கொஞ்சம் ஏறியிருக்கும். எவ்வளவு ஊர் செய்தது, எவ்வளவு நான் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வாதத்தை வைத்துக்கொண்டு நான் நாலு மாதம் ஓட்டினேன்.

சரிசெய்ய வழி இருந்தது. ஒவ்வொரு கணக்கிலும் ‘வேண்டாத சொற்கள்’ என்று ஒரு பட்டியல் போடலாம். மெத்தைக்காரர் கணக்கில் கழுத்தையும், அக்கா கணக்கில் படுக்கையையும் போட்டால் தீர்ந்தது. கையை வைக்கவும் போனேன். அப்போதுதான் மெத்தைக்காரரின் போன்.

"தம்பி, நம்ம மூலையில கெடந்த தலகாணி திடீர்னு பறக்குதே. என்ன மாயம் பண்ணுனீங்க?"

"புது முறை சார். மெஷின் கத்துக்கிச்சு," என்றேன்.

ஒரே மெஷின் ஒரே காலையில் ஒருவருக்குக் கற்றுக்கொண்டிருந்தது, இன்னொருவருக்குக் கற்று முடித்திருந்தது. என் வாய்க்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. கழுத்தை எடுத்துவிட்டால் பறக்கிற தலையணை நின்றுவிடும். ஏன் நின்றது என்று கேட்பார். அவர் என் மாத வருமானத்தில் பாதி. பட்டியலை மூடினேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதை யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போனது. அக்காவிடம், "பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏத்திப் பாப்போம்க்கா, மேல நின்னாத்தான் கண்ணுல படும்" என்றேன். ஏற்றினார். என் கூலி ஏறியது. அந்த மாதம் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். என் மனைவி அதை ஒரு வாரம் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

இன்னொரு திங்கட்கிழமை அக்கா, பாப்பாவைப் பற்றிக் கேட்டபிறகு, சாதாரணமாகச் சொன்னார்.

"நாத்தனாரை நிறுத்திட்டேன் தம்பி. அஞ்சு வருஷம் பக்கத்துல உக்காந்தவ. வேலை இல்லாம சும்மா உக்கார வெச்சா அவளுக்கே கஷ்டமா இருக்குன்னு அவளாத்தான் எழுந்தா. பார்சல் கட்டுற கிடங்குல நிக்குற வேலை கெடைச்சிருக்கு. அந்த மிஷினையும் வித்துட்டேன்."

"அடடா," என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அந்த ‘அடடா’வை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வேறு எதையாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்கா மேலும் சொன்னார். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இப்போதெல்லாம் சம்பந்தமில்லாதவர்கள் கூப்பிடுகிறார்களாம். அம்மா விழுந்துவிட்டார், அப்பாவுக்கு முதுகெல்லாம் புண், படுக்க எது நல்லது என்று கேட்கிறார்களாம்.

"அவங்களோட எதுக்குக்கா மல்லுக்கட்டுறீங்க? வாங்கப் போறதில்லையே."

"ஒரு பொண்ணு அப்பா முதுகு அழுகிப்போச்சுன்னு அழுவுது. ராங் நம்பர்னு வெச்சிடவா? என்கிட்ட அது இல்லம்மா, ஒரு மெத்தைக்காரர் இருக்கார், சரக்கு நல்லா இருக்குன்னு சொல்றாங்க, அங்க போன்னு அனுப்பிட்டேன். இந்த மாசம் அது மாதிரி பதினோரு பேரு."

அந்தப் பதினோரு பேரின் க்ளிக்குக்கும் காசு கொடுத்தது அக்கா. பொருளை விற்றது மெத்தைக்காரர். நடுவில் இரண்டு பக்கமும் கூலி வாங்கியது நான். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. "நல்ல மனசுக்கா உங்களுக்கு" என்று சொல்லி முடித்தேன்.

அக்கா அனுப்பியவர்கள் மெத்தைக்காரரிடம் போய், "தலகாணி அக்கா சொன்னாங்க" என்றிருக்கிறார்கள். அவர் வியாபாரிதான், ஆனால் நன்றி தெரிந்தவர். எனக்கு போன் செய்தார்.

"யாருங்க அந்த அக்கா? ஒரு பைசா கேக்காம ஆள் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. நம்ம தொழில்லயே இருக்காங்க போல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதே சார்," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல அது. விரல் சுட்டால் கை தானாக இழுத்துக்கொள்ளுமே, அந்த வேகத்தில் வந்தது. ஐந்து வருடம் என் பிள்ளையின் ஜுரத்தை விசாரித்த மனுஷியைத் தெரியாது என்றேன். அவர் விடவில்லை. வாங்கிப்போன ஒருவரிடம் அக்காவின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவரைத் தன் கிடங்குக்கு அழைத்துவிட்டார். அது எனக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் இரும்புப் படிக்கட்டில் யாரோ நிதானமாக ஏறிவரும் சத்தம் கேட்டது. டயர் கடைக்காரர் வாடகைக்கு வருகிறார் என்று நினைத்தேன். கதவில் அக்கா நின்றார். தோளில் ஒரு துணிப் பை. நெற்றி வேர்த்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு திரையையும் பார்த்தார்.

"மெத்தைக்காரர் கூப்பிட்டிருந்தார். போயிட்டுத்தான் வரேன்," என்றார். "யாரு உங்களுக்கு விளம்பரம் பாக்குறதுன்னு அவர் கேட்டார். உங்களுக்கு யாருன்னு நான் கேட்டேன். ரெண்டு பேரும் போனை எடுத்து நம்பரைக் காட்டினோம்."

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"உக்காரு. ஒண்ணு கேக்குறேன், சுத்தி வளைக்காம சொல்லு. என் க்ளிக்கு வெலை ஏறுனதுக்கு அவர் காரணமா?"

ஆரம்பித்தேன். பொருத்தம் விரிவானது, தானாக ஏலம் கேட்கும் முறை, சந்தையில் போட்டி என்று பத்து வாக்கியம் பேசினேன். ரோட்டைக் கடக்க நிற்கிறவர் லாரி போகட்டும் என்று நிற்பதுபோல அக்கா அது முடியும்வரை இருந்தார்.

"எனக்கு இது புரியல தம்பி. அவர் காரணமா, இல்லையா?"

"அவரும் ஒரு காரணம்."

"அவருக்காக ஏலம் கேட்டது யாரு?"

"நான்தான்."

"எனக்காகக் கேட்டது?"

"நான்தான்க்கா."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"நாலு மாசம் முன்னாடி."

அக்கா விரலை மடக்கி எண்ணினார். மூன்றாவது விரலில் நிறுத்தினார்.

"அப்ப அவ மிஷினை விட்டு எழுந்தப்ப உனக்குத் தெரியும்."

தலையை ஆட்டினேன்.

"தடுக்க வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தனை நாள் வேலை?"

"நாள் கணக்கில்ல. பத்து நிமிஷம்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். தொழில், குடும்பம், கடன் என்று எல்லாவற்றையும் இழுத்திருப்பேன். அக்கா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பண்ணு. நான் உக்காந்திருக்கேன்."

பண்ணினேன். கழுத்து, கழுத்து வலி, கழுத்துப் பிடிப்பு, தோள் வலி, தலையணை என்று ஒவ்வொன்றாக மெத்தைக்காரர் கணக்கில் அடித்தேன். படுக்கை, நோயாளி, முதுகுப் புண், காற்று மெத்தை என்று அக்கா கணக்கில் அடித்தேன். தினமும் அடிக்கிற சொற்கள். அன்று எழுத்து எழுத்தாகத் தப்பு வந்தது. அழித்து அழித்து அடித்தேன். பக்கத்தில் அக்காவின் மூச்சு கேட்டது. முடித்துச் சேமித்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம்தான் ஆச்சு," என்றார்.

"இந்த நாலு மாசம் உங்ககிட்ட வாங்கின கூலியைத் திருப்பிக் குடுத்துடுறேன்க்கா."

"குடு. அது என் காசு, வாங்கிக்குவேன். அவளுக்கு என்ன குடுப்ப? நின்னு நின்னு கால் தூண் மாதிரி வீங்கிப்போயி, செருப்புக்குள்ள நுழைய மாட்டேங்குது. கூப்பிட்டா வரமாட்டா. மறுபடி எழுந்திரின்னு சொல்லிடுவீங்கன்னு பயப்படுறா."

அக்கா தன் கணக்கின் பாஸ்வேர்டை எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கதவருகே நின்று, "மெத்தைக்காரர்கிட்ட நான் இதை ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு," என்றார். வந்த அதே நிதானத்தில் படி இறங்கிப் போனார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். பாதியில் அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கூலியைத் திருப்பித் தருகிறேன் என்றேனே தவிர, அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவள் கேட்கும்வரை அது என் புத்தியில் படவும் இல்லை. அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மெத்தைக்காரருக்கு அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். வியாழக்கிழமை அவருக்குச் சரக்கு வரும் நாள் என்றும், வெள்ளிக்கிழமை நல்ல செய்தி சொல்லும் நாள் என்றும் சாக்குச் சொல்லித் தள்ளினேன். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எண்ணை அழுத்தினேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரியை வாசிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வாங்க வாங்க. உங்களைத்தான் நெனச்சேன். என்னங்க நீங்க, அந்த அக்காவைத் தெரியாதுன்னுட்டீங்களே?"

"அது வந்து சார்..."

"இருங்க, நான் சொல்லிக்கிறேன். நம்பரைப் பாத்ததும் எனக்குச் சுர்ருன்னுச்சு. ஒரே ஆளு ரெண்டு பேர்கிட்டயும் வாங்கித் தின்னுறானா, இன்னியோட வெட்டி விடுறேன்னு அவங்க முன்னாடியே சத்தம் போட்டுட்டேன். அவங்க சிரிச்சாங்க. ‘அவன் என் கூடப்பிறந்த தம்பிங்க. என் கணக்கைச் சும்மா வீட்டு வேலையா பாத்துக் குடுக்குறான். தொழில்னு பாத்தா உங்களோடதுதான் அவனுக்கு. சொந்த அக்கா இதே வியாபாரத்துல இருக்கான்னு சொன்னா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு கூச்சப்பட்டிருப்பான், புள்ளகுட்டிக்காரன், அவனை விட்றாதீங்க’ன்னாங்க. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. கூடப்பிறந்த அக்காவுக்குச் செய்யிறதுல என்னங்க ஒளிவு மறைவு?"

தாளில் எழுதியிருந்தது ஒன்றும் கண்ணில் தெரியவில்லை. ஒரு தலையணை விற்கக்கூடப் பொய் சொல்லாத வாய். என் பிழைப்புக்காகச் சொல்லிவிட்டு, அதை என்னிடம் சொல்லிக் காட்டாமல் படி ஏறி வந்து, உக்காரு என்று சொல்லியிருக்கிறது. நான் ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் அதோடு முடிந்துவிடும். மெத்தைக்காரரும் இருப்பார், பாதி வருமானமும் இருக்கும். சொல்லத் தோன்றியது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றார் அவர்.

"அவங்க என் கூடப்பிறந்தவங்க இல்ல சார்," என்றேன். "சும்மாவும் பாத்துக் குடுக்கல. மாசாமாசம் கூலி வாங்கினேன்."

மீதியையும் சொன்னேன்.